எந்த நாளிதழை நம்புவது? மன்னார்குடி நண்பருக்கு ஒரு கடிதம்

திருப்பூர்

அன்புள்ள நண்பர் இராமலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், சம்பா அறுவடை மழைக்கு முன்பே களம் சேர்ந்ததையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். இங்கே நாங்களும் நலம். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலையை நான் இன்னும் விடவில்லை.

இத்தனை காலமாக வாங்கிவந்த நாளிதழை நிறுத்திவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். எல்லா ஏடுகளும் தொலைக்காட்சிகளும் யாரோ ஒருவருக்காகத்தான் பேசுகின்றன என்றும், இனி யாரைத்தான் நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் இதைப் பற்றி நெடுநாளாக யோசித்து வருவதால், கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் ஒரு சார்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சார்புள்ள ஏடு என்பதாலேயே அது நம்பத் தகாதது என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கர்நாடகம் நமக்கு விட வேண்டிய நீர், நடுவர் மன்றம் வைத்திருந்த 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. 14.75 டிஎம்சி பறிபோய்விட்டதே என்பது நம் பக்கத்துப் பேச்சாக இருந்தது. கர்நாடகத்திலோ அதே 14.75 டிஎம்சி கூடுதலாகக் கிடைத்ததே பேச்சாக இருந்தது. இரண்டிலும் பொய் இல்லை. அந்தக் குறைப்பில் 10 டிஎம்சி, தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் உள்ள நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்ததால் வந்தது, மீதி 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காகக் கொடுக்கப்பட்டது. எவ்வளவு கோபத்தோடு எழுதியிருந்தாலும் இந்த விவரத்தை வாசகருக்குச் சொன்ன ஏட்டை நான் நம்புவேன். நடுநிலையான தொனியில் எழுதிவிட்டு இந்த விவரத்தை மறைத்த ஏட்டை நம்பமாட்டேன்.

தி.மு.க.வின் முரசொலியையோ மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரையோ கையில் எடுப்பவருக்கு அது எந்தக் கட்சியின் ஏடு என்பது முதலிலேயே தெரியும். இங்கே கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடக்கும்போது தொழிற்சங்கங்கள் என்னென்ன கோரிக்கைகளை வைத்தன என்பதை அறிய நான் தீக்கதிரைத்தான் தேடுகிறேன். அதன் தலையங்கத்தோடு உடன்படுகிறேனா என்பது வேறு விஷயம். யார் பணம் போடுகிறார்கள், யார் ஆசிரியர் என்ற எந்த விவரமும் இல்லாமல், ‘நடுநிலைச் செய்திகள்’ என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட யூடியூப் சேனல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

2023 மார்ச்சில் இந்த ஊரில் நடந்ததை உங்களுக்கு விரிவாகச் சொன்னதில்லை. இந்தி பேசியதற்காகத் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற வதந்தி காணொளிகளோடு பரவியது. வட இந்தியாவில் அச்சு ஏட்டிலும் செய்தியாக வந்தது. எங்கள் கம்பெனித் தையல் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து தாய்மார்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். மார்ச் 8 ஹோலிக்காக ஏற்கெனவே ஊருக்குப் போகவிருந்தவர்களும் பயந்து கிளம்பியவர்களும் ரயில் நிலையத்தில் ஒன்றாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் படமும் வதந்திக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, பரவிய இரண்டு காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் என்று விளக்கினார். இன்னொரு காணொளி ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலையின் காட்சி என்பதை உண்மை சரிபார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள்.

காவல்துறை மறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் அந்தச் செய்தியைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 2018 மே மாதத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் அரசுத் தரப்பு சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நாம் எங்கே நின்றிருப்போம்? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் காவல்துறையினர் மீதே நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அரசும் இத்தகைய விஷயங்களில் ஒரு தரப்புதான். ஆகவே நான் செய்திக்கு உள்ளேயே தேடினேன். இறந்தவர் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர், எந்த மருத்துவமனையில் உடற்கூறாய்வு நடந்தது, எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது என்ற கேள்விகளுக்கு அந்தச் செய்திகளில் ஒரு பதிலும் இல்லை. கொலைகள் நடந்திருந்தால் உடல்கள் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அழும் குடும்பங்கள் பெயரோடு பேசியிருக்க வேண்டும். பீகார் அரசு அனுப்பிய நான்கு அதிகாரிகள் குழு இங்கே வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்த பிறகு, அச்சத்துக்குக் காரணம் பொய்க் காணொளிகளே என்பது அங்கேயும் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசைக் காப்பாற்ற வேண்டிய தேவை அந்தக் குழுவுக்கு இல்லை என்பதால்தான் அதன் சொல்லுக்கு நான் அதிக மதிப்புக் கொடுத்தேன்.

இதில் நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள் என்று ஒரு காணொளி பரவியது. தேநீர்க் கடையில் புகைபிடித்ததில் தொடங்கிய தகராறு அது என்று காவல்துறை விளக்கியது. மார்ச்சில் அந்த வட இந்திய ஏட்டைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் ஜனவரிக் காணொளியைக் கேள்வி கேட்காமல் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

நம் சார்பே நாம் செய்தியைப் பார்க்கும் விதத்தை மாற்றிவிடுகிறது என்பதை 1985-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. 1982-இல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேலை ஆதரித்த மாணவர்கள் அந்தச் செய்திகள் இஸ்ரேலுக்கு எதிரானவை என்றார்கள். அரபுத் தரப்பை ஆதரித்தவர்கள் அதே செய்திகளை இஸ்ரேலுக்குச் சாதகமானவை என்றார்கள். ஒரு ஏடு நம்மைக் கோபப்படுத்துகிறது என்பதை அதன் சார்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று நான் கருதுவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

அதே பல்கலைக்கழகத்தில் 2017 வாக்கில் நடந்த மற்றோர் ஆய்வு எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. அறிமுகமில்லாத இணையப் பக்கங்களை வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்கள் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் கவனமாக வாசித்து, அழகான வடிவமைப்பையும் அடிக்குறிப்புகளையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் சில நொடிகளே நின்றார்கள். உடனே வெளியே வந்து, அதை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிவிட்டுத்தான் திரும்பினார்கள். உங்கள் பேரன் அனுப்பும் செய்திகளுக்கும் இந்த வழக்கம் போதும்.

தவறு நேர்ந்தபின் ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதையும் நான் பார்ப்பதுண்டு. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக எழுதிய செய்திகளில் தாங்கள் போதிய கவனம் காட்டவில்லை என்று 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் வாசகர்களுக்குக் குறிப்பு எழுதியது. போர் தொடங்கி ஓராண்டு கடந்தபின், முதல் பக்கத்தில் வந்த செய்திகளுக்கான அந்த ஒப்புதல் பத்தாம் பக்கத்தில் வந்தது. ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன், அதைப் போட்ட இடத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

நாளிதழை நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நீங்கள் நேரில் அறிந்த செய்திகளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் பாருங்கள். மேட்டூர் அணை திறந்தபின் ‘கடைமடை வரை தண்ணீர் சென்றது’ என்று ஏடுகளில் வரும். பாமணி ஆற்றிலும் உங்கள் வாய்க்காலிலும் எப்போது தண்ணீர் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த திறப்பின்போது உங்கள் நாளிதழோடு, அதற்கு எதிர் அணியில் இருப்பதாக நீங்கள் கருதும் இன்னொரு நாளிதழையும் ஒரு மாதம் வாங்கி, தண்ணீர் பற்றிய செய்திகளைக் கத்தரித்து, உங்கள் வாய்க்காலின் தேதிகளை ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்பிவையுங்கள். பஞ்சு விலை, நூல் விலை பற்றி வரும் செய்திகளை நான் இங்கே அதேபோல எடுத்து வைக்கிறேன்.

அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கந்தசாமி