ஃப்ரீசருக்கும் ஒரு ஜெனரேட்டர் லைன் தாருங்கள்

எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஐப்பசி மழையில் ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்து, சனிக்கிழமை மாலை போன கரண்டு திங்கள் காலைதான் வந்தது. அந்த இரண்டு இரவும் நம் ஜெனரேட்டர் ஓடாமல் இல்லை. ஆண்டு விழா ஒத்திகைக்காகக் கலையரங்கத்துக்கு நன்றாகவே ஓடியது. ஆய்வகத்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்தான் அந்த லைனில் இல்லை. உள்ளே உறைய வைத்திருந்ததெல்லாம் உருகிப் போயிற்று. அதைச் சேர்க்கச் சொல்லித் துறை கொடுத்த கடிதம் உங்கள் கோப்பில்தான் கிடக்கிறது.

"மருந்துதானே, வேறு வாங்கிக்கொள்ளலாமே" என்றார் உறுப்பினர் ஒருவர். பிடிஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணி அது, செல்களைப் பெருகத் தூண்டும் புரதம். குப்பிக்கு 10 மைக்ரோகிராம், கண்ணுக்கே தட்டுப்படாது. அதைக் கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்திருந்தோம். மூளையில் நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் கொழுப்பு உறை போடும் செல்கள், முதிர்வதற்கு முன் பெருக வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்துச் செல்கள் சுரக்கும் பிடிஜிஎஃப் இவற்றின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஆல்ஃபா ஏற்பியில் வந்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெருகுவதை நிறுத்திவிட்டு அவசர அவசரமாக முதிர்ந்துவிடும். லண்டனில் மார்ட்டின் ராஃப் குழுவினர் எலியின் பார்வை நரம்புச் செல்களை வைத்து 1988-லேயே காட்டியது இது.

செல் வளர்க்கும் எங்கள் தட்டுகளிலும் அதுவேதான் நடந்தது. வேறு குப்பி வராததால், உருகி மறுபடி உறைந்ததையே போட்டுப் பார்த்தோம். நெருக்கியடித்துக்கொண்டு நிறைந்திருக்க வேண்டிய தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள். அவையும் கிளை விரித்து முதிர்ந்துவிட்டன. ஏற்பியைத் தடுத்தால் பெருக்கம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. தடுக்காத தட்டிலேயே பெருக்கம் இல்லை என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? ஃப்ரீசரில் கூடவே இருந்த இன்னொரு வளர்ச்சிக் காரணியான எஃப்ஜிஎஃப்-2 இயல்பிலேயே சூடு தாங்காதது. ஆல்ஃபா ஏற்பி குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். அதுவும் போயிற்று.

யாருக்கு உதவும் இந்த ஆராய்ச்சி என்றும் கேட்டீர்கள். 23 வாரத்திலிருந்து 32 வாரத்துக்குள் பிறந்துவிடும் குழந்தைகளின் மூளை வெண்பகுதியில் எளிதில் அடிபடுபவை இந்த முதிராத செல்களே.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் ஒரு ஃப்ரீசருக்குக் கரண்டு இல்லை. குளச்சலில் மீன் விற்கும் அக்காவுக்குக்கூட ஐஸ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். நம் முகப்பு வளைவின் சீரியல் பல்புகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. மதிப்பீட்டுக் குழு வந்தால் இதே ஃப்ரீசரைப் பொட்டு வைக்காத குறையாகத் துடைத்துக் காட்டவும் செய்கிறோம். நாகர்கோவிலில் படித்துவிட்டு ஆய்வுக்குத் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிறவர்களைப் பற்றி மேடையில் வருத்தப்படுவதும் இதே கலையரங்கத்தில்தான்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். ஒத்திகையை நிறுத்தச் சொல்லவில்லை. ஃப்ரீசரையும், செல்கள் இருக்கும் இன்குபேட்டரையும் ஜெனரேட்டர் லைனில் சேர்த்துத் தாருங்கள். கரண்டு போனால் துறைக்குப் போன் செய்யும்படி வாட்ச்மேன் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கார்த்திகை மழைக்கு முன் முடித்துத் தந்தால், அடுத்த குப்பிக்குத் தைரியமாக ஆர்டர் போடுவோம்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை ஆய்வு மாணவி