எண்ணெயா, ஆயுதமா: படிப்பகப் பட்டிமன்றக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள படிப்பகத் தோழர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தைக் கடைசியில் நின்றபடியே கேட்டேன். நாற்காலி பத்தவில்லை; சந்தோஷமான குறைதான். 2003ல் அமெரிக்கா ஈராக்மீது படையெடுத்ததற்குக் காரணம் எண்ணெயா, ஈராக் அதிபர் சதாம் உசேன் பதுக்கியதாகச் சொன்ன பேரழிவு ஆயுதமா என்று இரண்டு அணியும் தொண்டை கட்டப் பேசினார்கள். நடுவர் ஐயா, எண்ணெயும் உண்டு, ஆயுத பயமும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கிவிட்டார். எனக்குத்தான் தண்டையார்பேட்டை வரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தப் போர் சட்டப்படி செல்லுமா, செல்லாதா? அதை ஒருவரும் கேட்கவில்லையே.

எண்ணெயைக் குறிவைத்துக் குண்டு போடப்பட்ட ஊர் நம்முடையது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று சுட்டது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளை. டாங்குகள் எரிந்தன, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். நமக்கு மிஞ்சியது, கில்லாடியான ஆளை 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லும் பழக்கம். இந்தக் கதையை எண்ணெய் அணியினர் தொடவே இல்லை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையும் விட்டுவிட்டார்கள். 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கியபோது இந்திய அரசோடு பங்கு போட்டவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும். அதற்கு 12 வருஷம் முன்புதான், எண்ணெயை நாட்டுடைமையாக்கிய ஈரான் பிரதமர் மொசாதேக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் ஆள் வைத்துக் கவிழ்த்திருந்தன. எண்ணெய் இருக்கும் இடத்தில் பகையும் கூட்டும் இப்படித்தான் மாறி மாறி வரும்.

ஆயுத அணியில் பேசிய தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். எண்ணெய்க்காகத்தான் போனார்கள் என்றால் ஏன் எடுத்துக்கொண்டு வரவில்லை? 2009 ஏலத்தில் ஈராக்கின் மிகப் பெரிய வயலான ருமைலா பிரிட்டனின் பிபிக்கும் சீனக் கம்பெனிக்கும்தானே போனது, அதுவும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலிக்கு? எதிரணி முழித்தது. முழித்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய்க்கான போர் என்றால் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் இல்லை, குழாயின் திருகு யார் கையில் இருக்கிறது என்பதும்தான். அந்தப் போர் பெரிதும் எண்ணெய் பற்றியதே என்று 2007ல் எழுதியவர் இடதுசாரி இல்லை, 18 வருஷத்துக்கு மேல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான். 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் கொள்ளை போனபோது எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது. அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

சரி, இவ்வளவும் காரணம் பற்றியது. செல்லுமா என்பது வேறு கணக்கு. ஐநா சாசனப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது படையெடுக்க இரண்டே வழிகள்தான்: தன்மீது தாக்குதல் வந்து தற்காத்துக்கொள்வது, அல்லது பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி. ஈராக் யாரையும் அப்போது தாக்கவில்லை. 2002 நவம்பரில் வந்த 1441ஆம் தீர்மானம் ஆயுத சோதனைக்கு ஒத்துழைக்கக் கடைசி வாய்ப்பு தந்து, தவறினால் கடுமையான விளைவு வரும் என்று எச்சரித்தது. படையெடுக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் 1990ன் 678ஆம் தீர்மானத்தைத் தூசி தட்டி எடுத்தன. அது குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றக் கொடுத்த அனுமதி. பழைய ஆட்டத்தின் கிழிந்த டிக்கெட்டை இன்றைய காட்சிக்கு நீட்டினால் தியேட்டர்காரர் விடுவாரா? அந்தப் போர் சட்டவிரோதம் என்று 2004ல் அப்போதைய ஐநா பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சொன்னார். அவர்கள் சொன்ன ஆயுதமும் கிடைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், கிடைத்திருந்தாலும் அனுமதி இல்லாதது இல்லாததுதான். எண்ணெய் அணி தோற்றிருந்தாலும் போர் செல்லாது. இரண்டு அணியும் மோதியதில் இந்த விஷயம் நடுவில் நசுங்கிப் போனது.

எண்ணெய்தான் காரணம் என்று நினைக்கும் எங்கள் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் அணியின் கடைசிப் பேச்சாளர் சதாமைத் தியாகி ஆக்கினார், கூட்டமும் விசில் அடித்தது. என் மாமா 1990ல் குவைத்தில் வெல்டராக இருந்தார். ஆகஸ்ட் 2 அன்று சதாமின் டாங்கிகள் நுழைந்தன. ருமைலாவில் எங்கள் எண்ணெயை உறிஞ்சுகிறான், அதிகமாக எடுத்து விலையைக் கெடுக்கிறான் என்பதுதான் குவைத்மீது அவர் சொன்ன குற்றச்சாட்டு. அதுவும் எண்ணெய்ப் போர்தான், அதுவும் செல்லாததுதான். மாமா பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் நகரத்துக்குப் போய், விமானத்துக்கு வரிசையில் படுத்துக் கிடந்து, ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அப்படி ஏர் இந்தியா அழைத்து வந்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல். பாதிச் சம்பளம் அங்கேயே போச்சு. சதாமின் பெயரைச் சொன்னால் அவர் இன்றும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார்.

நம் நாடாளுமன்றமும் நடுவர் ஐயா மாதிரிதான் நடந்துகொண்டது. 2003 ஏப்ரல் தீர்மானத்தில் இந்தியில் 'நிந்தா' என்று கண்டித்துவிட்டு, ஆங்கிலத்தில் வெறும் வருத்தம் போலத் தொனிக்கும் ஒரு சொல்லைப் போட்டார்கள். ஆனால் அமெரிக்கா படை கேட்டபோது, ஐநா அனுமதி இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று ஜூலையில் நம் அரசு மறுத்தது. அந்த மறுப்பைப் பட்டிமன்றத்தில் யாராவது சொல்லியிருக்கலாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதே தலைப்பை எடுங்கள். 'செல்லுமா, செல்லாதா' என்று திருத்தி எடுங்கள். 1990, 2003 இரண்டையும் ஒரே மேடையில் வையுங்கள். என் மாமாவைக் கூட்டி வருகிறேன், அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள், முட்டி வலி. அப்புறம் அந்த இரண்டாவது மைக்கையும் கொஞ்சம் பாருங்கள், தம்பி பேசியதில் பாதி காதில் விழவில்லை.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் நின்றவன்
தண்டையார்பேட்டை