சிவப்புப் பாதை ரெண்டாம் நாளைக்கு இருக்கட்டும்

கோபி,
பங்குனி 28

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பண்ணாரி குண்டம் முடியும் வரை வீடு நிறைய ஒரம்பரை. அவர்களை அனுப்பிய கையோடு மஞ்சளை ஈரோட்டுக்கு ஏற்றிவிட்டு வந்தேன். இன்றைக்குத்தான் திண்ணையில் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது. எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, “பையன் இளைச்சுப் போயிட்டானே” என்று ரெண்டு நாள் வெசனப்பட்டார்கள். பாப்பாவின் பட்டமளிப்பு விழாவுக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. ஜூலை முதல் வாரம் எடின்பரோவில் இருப்போம்.

விழா முடிந்த மறுநாளே கிளென்ட்ரெஸ் காட்டுக்கு மலைச் சைக்கிள் ஓட்டப் போகலாம் என்று நீ போட்ட திட்டத்தை நாலு தடவை படித்துவிட்டேன். காலையில் நீலப் பாதை, சாப்பிட்டதும் சிவப்புப் பாதை, பொழுதோட எடின்பரோ திரும்புவது. பச்சை லேசு, நீலம் அதற்கு மேலே, சிவப்பு கஷ்டம், கறுப்பு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று அங்கே நிறத்தை வைத்துத்தான் கணக்கு. எல்லாம் சரி. ஒன்றை மட்டும் மாற்று. சிவப்பு ரெண்டாம் நாளைக்கு இருக்கட்டும். காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பீபிள்ஸ் ஊரிலேயே ஒரு ராத்திரி தங்கிவிடுவோம்.

காரணத்தைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் மாமனார் கொறங்காட்டில் பாதை வெட்டுகிறேன் என்று தை மாசம் எழுதினேன் அல்லவா, அதற்கப்புறம் நடந்ததை எழுதவே இல்லை. நாலு ஏக்கர் மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மேற்கு மூலையில் நிலம் நல்ல சரிவு. மாடு அதிகம் மேயாத அந்த மூலையில் மம்பட்டியோடு பன்னிரண்டு நாள் நின்று, அறுநூறு மீட்டருக்கு ஒரு சுற்று எடுத்தேன். ரெண்டு வளைவில் வெளிப்பக்கம் மண்ணை அணைத்து, தொட்டிச் சுவர் மாதிரி உயர்த்தினேன். அங்கே நீங்கள் பெர்ம் என்கிறீர்களே, அதுதான். வேகத்தோடு வந்தாலும் சக்கரம் வழுக்காமல் அந்தச் சுவரில் ஏறித் திரும்புகிறது. முதல் தடவை அப்படித் திரும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாசியில் ஒரு ராத்திரி எதிர்பாராத மழை. காலையில் போய்ப் பார்த்தால் பாதை வாய்க்காலாகக் கிடக்கிறது. சரிவுக்கு நேராகக் கீழே இறக்கியிருந்தேன், தண்ணீரும் அதே வழியில் இறங்கிவிட்டது. ஒரு வளைவின் அடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. வாழ்நாளெல்லாம் வரப்பு கட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறவன் இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று மனசு பொறுக்கவில்லை. மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை பாதையைச் சரிவுக்குக் குறுக்கே கொண்டுபோய், பள்ளத்துப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்த்தேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் லேசாக மேடேற்றி இறக்கினேன். தண்ணீர் அந்த மேட்டைத் தாண்ட முடியாமல் ஓரமாக விலகிப் புல்லுக்குள் போய்விடுகிறது. கிளென்ட்ரெஸில் மழை நாளிலும் ஓட்டலாம் என்று நீ எழுதியது அப்புறம்தான் விளங்கியது. அடியில் உடைகல், பக்கத்தில் வடிகால், தண்ணீர் ஒரு இடத்திலும் பாதையோடு சேர்ந்து ஓடாதபடி ஏற்பாடு. அதைப் போட்டவர்கள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்.

நான் சைக்கிளிலிருந்து விழுந்தேன், அதுவும் அந்தக் கொறங்காட்டில்தான். உனக்குச் சொல்லவில்லை, நீ பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அன்றைக்குப் பதினோரு சுற்று ஓட்டியிருந்தேன். கடைசிச் சுற்றில் பிரேக்கை அழுத்த விரலைக் கொண்டுபோகிறேன், விரல் மடங்க மாட்டேன் என்கிறது. முன்கை ரெண்டும் கல்லாகி விட்டது. வளைவுக்கு முன்னால் குறைக்க வேண்டிய வேகத்தை வளைவுக்குள் வந்து குறைத்தேன், அதுவும் முன்பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து. முன்சக்கரம் அப்படியே நின்றது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கி மூணு வாரம் பால் கறக்க முடியவில்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல், உள்ளங்கை அகலத்துக்கு. அதைக் கழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிட்டேன், கவலைப்படாதே. விழுவது எல்லாம் கடைசிச் சுற்றில்தான் என்று பழகினவர்கள் சொல்வார்கள், என் விஷயத்தில் அப்படியே நடந்தது. மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் சிவப்பில் ஏறக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். முதல் நாள் பச்சையில் ஒரு சுற்று, நீலத்தில் ரெண்டு. கறுப்பைப் பற்றி இந்தப் பயணத்தில் பேசவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டி நடந்த காடு அது. அந்த மண்ணில் நீலத்தை நிதானமாக ஓட்டினாலே எனக்குப் போதும்.

வாடகைச் சைக்கிளுக்குச் சொல்லி வைக்கும்போது ரெண்டு விஷயம் கேள். ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்குகிற விசை இருக்க வேண்டும். இறக்கத்தில் சீட் உயரமாக இருந்தால் உடம்பைப் பின்னால் தள்ள வழியில்லை. டயர் டியூப்லெஸ் ஆக இருந்தால் நல்லது. இங்கே வேலாமுள் ஒரு வாரத்தில் ஏழு பஞ்சர் போட வைத்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் காட்டிக் காட்டி அலுத்துப் போய்விட்டார். கடைசியில் டியூபைக் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தானே அடைக்கிற பால் மாதிரி ஒரு திரவத்தை டயருக்குள் ஊற்றிக்கொண்டேன். முள் குத்தினால் ஒரு பொட்டு ஈரம் தெரிகிறது, அவ்வளவுதான். காற்றும் குறைத்தே வைக்கிறேன், முப்பது பி.எஸ்.ஐ.க்குக் கீழே. தார் ரோட்டில் அறுபது வைத்துப் பழகின நமக்கு முதலில் கொழகொழவென்று இருக்கும், ஆனால் கல்லிலும் வேரிலும் டயர் ஒட்டிக்கொண்டு போகிறது. காற்றடித்த டயருக்கு 1888ல் காப்புரிமை வாங்கிய டன்லப் உங்கள் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கால்நடை மருத்துவர். மகனுடைய மூணு சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று செய்து பார்த்தாராம். பிள்ளைக்காகச் செய்தது என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இன்னொன்று, மாப்ளே. இதை யாரிடமும் சொன்னதில்லை. காட்டுக்குள் பயமில்லாமல் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயசிலிருந்து ஆசை. நமக்குக் காடு என்றால் சத்தியமங்கலம்தான். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போகும்போதே மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். 2013ல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். 2022 பிப்ரவரியிலிருந்து அந்த மலைப்பாதையில் ராத்திரி வண்டிப் போக்குவரத்துக்கே தடை. பொழுது சாய்ந்தால் ரோடு யானைக்கு. அதுதான் நியாயமும். அங்கேயோ ஜூலையில் ராத்திரி பத்து மணி வாக்கில்தான் பொழுது சாயும் என்கிறாய். 2003ல் போட்ட சட்டத்தால், பொறுப்போடு நடந்துகொண்டால் யாரும் மலையிலும் காட்டிலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று நீ எழுதியதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆனை இல்லாத காடா?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் ஒரு வாரமாக இருக்கிறேன். இங்கே சில இளவட்டங்கள், சத்தி காட்டிலும் இப்படி ஒரு பாதை மையம் வேண்டும், ஊருக்கு வருமானம் வரும் என்கிறார்கள். பாசமான பையன்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1919ல் அங்கே வனத்துறை மாதிரி ஒரு ஆணையம் அமைத்து, வெட்டுவதற்கென்றே ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். அப்படி நட்ட காட்டில் பாதை போடலாம். யானை தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழித்தடத்தில் நாம் பெர்ம் கட்டக் கூடாது. வேண்டுமானால் கொறங்காட்டில் போடட்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் எத்தனை கொறங்காடு மாடு குறைந்து சும்மா கிடக்கிறது, கிளுவை வேலி பட்டுப்போய், மனை போடுகிறவன் கண்ணுக்குத் தப்பாமல். மாடும் மேயட்டும், ஓரமாக ஒரு பாதையும் இருக்கட்டும். வாடகை வந்தால் வேலியைக் காப்பாற்ற ஒரு காரணம் கிடைக்கும். மாமனாரிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னாலே பாதி சம்மதம். அதனால் அங்கே நான் ஓட்ட மட்டும் வரவில்லை. பாதைக்குப் பாதை நிறக் குறி எப்படி வைத்திருக்கிறார்கள், வளைவின் சுவர் எவ்வளவு உயரம், வடிகால் எத்தனை அடிக்கு ஒன்று, எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். டேப்பின் இன்னொரு முனையை நீ பிடி.

தென் ஸ்காட்லாந்தின் அந்த ஏழு பாதை மையங்களில் ஒவ்வொன்றிலும் செதுக்கிய கல் ஒன்று நிற்கிறதாமே, அங்கத்திப் பேச்சில் கல்லுக்கு ஸ்டேன் என்று பேராமே. நம்ம ஊர் எல்லையில் நடுகல் நிற்பது ஞாபகம் வந்தது. கிளென்ட்ரெஸ் கல்லை எனக்குக் காட்டிவிடு.

என்ன கொண்டுவர என்று கேட்டிருந்தாய். ஊத்துக்குளி வெண்ணெய் கேட்டாய், பால் பொருள் எதுவும் உள்ளே விட மாட்டார்கள், அதை மறந்துவிடு. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும், அம்மா கையால் பிடித்த கடலை உருண்டையும் வருகிறது. மேடேறும்போது வாயில் போட அதைவிட நல்லது எதுவுமில்லை. கையுறை நான் வாங்கிவிட்டேன். மழைச் சட்டை மட்டும் உன்னுடையதில் ஒன்று எடுத்து வை.

தடப்பள்ளி வாய்க்கால் கரையில் வாடகைச் சைக்கிளை ஆளுக்கு அரை மணி என்று பங்கு போட்டு ஓட்டினோமே, உன் அரை மணியில் எப்போதும் எனக்கு அஞ்சு நிமிஷம் கூடக் கொடுப்பாய். பீபிள்ஸில் அறை பார்த்துவிட்டு எழுது. சீசன் நாளாம், இந்த மாசமே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்