துணைப் பிராணிச் சான்றிதழ்: பணம் கட்டி ஏமாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் வளர்க்கும் நாயையோ பூனையையோ 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' (மன ஆறுதல் தரும் துணைப் பிராணி) என்று பதிவு செய்து, அடையாள அட்டையும் சான்றிதழும் வீட்டுக்கே அனுப்பி வைப்பதாகக் கூறும் இணைய விளம்பரங்களை நம்பி, ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிலர் பணம் கட்டி வருகின்றனர். எங்கள் குடியிருப்பில் கணவரை இழந்து தனியாக வசிக்கும் அம்மையார் ஒருவர், நாயை வெளியேற்றச் சொன்ன சங்க நிர்வாகிகளிடம் அப்படி வாங்கிய அட்டையைக் காட்டினார். அது செல்லாது என்று அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அட்டை செல்லாது என்பது உண்மைதான். இந்த ஏற்பாடு அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கும் அரசுப் பதிவேடு என்று எதுவும் கிடையாது. நோயாளியை அறிந்த மனநல மருத்துவரோ ஆலோசகரோ தரும் கடிதத்தைக் கொண்டே, பிராணிகளுக்கு அனுமதியில்லாத வாடகை வீட்டிலும் விலக்குக் கோர முடியும். விமானத்தில் இவற்றுக்கு இருந்த சலுகையும் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியால் பெரும்பாலும் நின்றுபோனது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இத்தகைய பிராணிகளுக்கென்று தனி ஏற்பாடு இல்லை.

ஆனால் அந்த அம்மையாருக்கு அட்டையே தேவைப்பட்டிருக்கவில்லை. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவெடுத்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. இதை நிர்வாகிகளும் அறிந்திருக்கவில்லை, பணம் கட்டியவரும் அறிந்திருக்கவில்லை என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

அவருடைய நாய் வயதான நாட்டு நாய். பயிற்சி எதுவும் பெற்றதில்லை. இரவில் அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தால் அதுவும் எழுந்து வந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொள்கிறது; காலையில் அதை நடத்திச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் படியிறங்கி வருகிறார், நாலு பேரிடம் பேசுகிறார். இதன் அருமையை நிர்வாகிகள் உணர வேண்டும்.

அதேசமயம், மன ஆறுதலுக்கென்று ஹஸ்கி இன நாய்க்குட்டியை வாங்கிவிட்டு, சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து திரும்பும் வரை அதைப் பால்கனியில் கட்டிப்போடுவோரையும் இங்கே காண்கிறேன். வேளைக்குத் தீனி, நடை, ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கால்நடை மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு வழியில்லாத நிலையில் வாங்கப்படும் பிராணி, ஏற்கெனவே சோர்ந்திருப்பவரின் சுமையைக் கூட்டுவதோடு தானும் துன்பப்படுகிறது. பிராணி வந்துவிட்டது என்று மனநல மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தானது.

ஆகவே, பிராணி வளர்ப்பது தமக்கு உதவுமா என்று அறிய விரும்புவோர் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம்; 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலைத் தமிழில் அச்சிட்டு, ஓசூரிலுள்ள எல்லாக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் அனுப்பி வைக்குமாறு கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.