கையெழுத்துப் போட்ட டிசிக்குப் பணம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஏற்றுமதி நிறுவன நிர்வாகத்தாருக்கு,

வணக்கமுங்க. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் உங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரன் (சின்னத் தையல் யூனிட் நடத்துபவன்) எழுதுகிறேன். பீஸை ஸ்கேன் பண்ணி எண்ணிக்கை பார்க்க நீங்கள் வைத்த புது சாப்ட்வேர் கதை உங்களுக்கே தெரியும். அதனால் போன வாரமும் எங்கள் பில் திரும்பி வந்துவிட்டது. உங்கள் ஆள் எண்ணிக் கையெழுத்துப் போட்ட டிசிக்கு, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலானுக்கு, பணம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கட்டிங் உங்கள் இடத்தில் நடக்கிறது. வெட்டிய துணிக் கட்டோடு வரும் பண்டில் சீட்டில் 20 என்று இருக்கும். பிரித்தால் ஒரு கை குறையும், இல்லாவிட்டால் முன்பாகத்தில் ஓட்டை இருக்கும். 19தான் தைக்க முடியும். முன்பெல்லாம் சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்து, டிசியில் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போடுவார், பில் நகரும். இப்போது 20 வந்தது, 19 போனது என்றதும் அந்த டிசி முழுக்கச் சிவப்பாகி நின்றுவிடுகிறது. ஒரு பீஸுக்காக அத்தனை பீஸின் கூலியும் முடங்குகிறது. கேட்டால் ஆப்பில் புகார் போடுங்க என்கிறார்கள். அது முழுக்க இங்கிலீஷ். சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் மெஷின்காரரும் பேட்லாக் மெஷின்காரரும் சம்பளத்துக்கு நிற்கும்போது நான் என்ன சொல்வது? வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தேன்.

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த யூனிட்டில் தைத்தது என்று உங்களிடம் சரக்கு வாங்கும் பையர் கேட்கிறார், அதற்கு ஸ்கேன் வேண்டும், புரிகிறது. 2011ல் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோதும், 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதும் தாக்குப்பிடித்தோம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின் செலவும் கடைசியில் எங்கள் தலையிலேயே விழுவது ஏனுங்க? டேப்லெட் வாங்கச் சொன்னீர்கள், வாங்கினோம். ஸ்கேன் பண்ண ஆள் போடச் சொன்னீர்கள், போட்டோம். பீஸ் ரேட் அப்படியே கிடக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ம் ஆண்டுச் சட்டம் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதைக் கேட்டுப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இந்த சீசன் முடியும்வரை காகித டிசியும் சாப்ட்வேரும் சேர்ந்தே ஓடட்டும். கையெழுத்தான எண்ணிக்கைக்குப் பணம் கொடுங்கள். குறைந்த பீஸை மட்டும் தனியாக நிறுத்தி விசாரியுங்கள். திருத்தும் பக்கத்தைத் தமிழில் வையுங்கள், போன் போட்டால் எடுக்க ஒரு ஆளையும் வையுங்கள். நின்றுபோன பில்களை வரும் சனிக்கிழமைக்குள் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேனுங்க.

இப்படிக்கு,
உங்கள் ஜாப் ஒர்க் யூனிட்காரன்