இரட்சிப்பும் செக்ரோல் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வசிக்கும் மூதாட்டி ஒருவர் இதுவரை மூன்று தடவை ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். கைக்குழந்தையாக ஒரு முறை, கலியாணத்துக்குப் பின் புதிய சபையொன்றில் சேர்ந்தபோது ஒரு முறை, மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் சில ஆண்டுகள் ஜெபத்தையே விட்டிருந்ததால் "இரட்சிப்பை இழந்துபோனீர்கள்" என்று இன்னொரு சபையார் சொன்னதன்பேரில் மூன்றாம் முறை. குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்பது வேறு வழக்கு, அதில் நான் இறங்கவில்லை. ஆனால் அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த கூட்டமொன்றில், எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, பின்வாங்கினவர்கள் மறுபடியும் தண்ணீரில் இறங்கவேண்டும் என்று போதிக்கப்பட்டதைக் கேட்ட அவர், மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்று, "நான் இன்னைக்குச் செத்தா எனக்கு முழுப்பேரா, அரைப்பேரா மாஸ்டர்?" என்று கேட்டார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். நிறுவையில் குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால், நாள் முழுவதும் மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பதிந்த பெயரை வெட்டிவிட்டால் லயத்து அறையும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தோடு வாழ்ந்த தலைமுறை அவருடையது. அதற்கும் மேலே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமையை முற்றாகத் தீர்த்துவைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. கொடுக்கப்படுவதெல்லாம் ஒருநாள் பறிக்கப்படும் என்று அனுபவத்தால் படித்த மக்களிடம் பரலோகத்திலும் ஒரு செக்ரோல் இருக்கிறது, அதிலும் பெயர் வெட்டப்படும் என்று சொன்னால், அவர்கள் தயங்காமல் நம்பிவிடுவார்கள். ஆகவேதான் இதைப் பிரசங்கிப்பவர்கள் இருமடங்கு கவனமாயிருக்கவேண்டும் என்கிறேன்.

எபிரெயர் 6:4 முதல் 6 வரையிலான வசனங்கள் கடுமையானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்தும், மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதற்கேதுவாய்ப் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று அவை சொல்லுகின்றன. கூடாத காரியம் என்று வேதம் சொல்லுவதை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் செய்து முடிக்கலாம் என்று அதே வசனத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போதிக்கமுடியும்? இழந்துபோன இரட்சிப்பை மீண்டும் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம் என்பதற்கு ஆதாரமாக, வேதத்தில் மிகவும் பொருந்தாத பகுதி இதுவே. அதைவிட முக்கியமானது, கூட்டங்களில் அநேகமாக வாசிக்கப்படாத ஒன்பதாம் வசனம். "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" என்று நிருபக்காரர் தம் குரலைத் தணித்துக்கொள்கிறார். பள்ளத்தின் ஓரத்தில் விளையாடும் பிள்ளையைத் தாய் அதட்டுவது, பிள்ளை விழுந்துவிட்டது என்று அறிவிப்பதற்காக அல்ல. அந்த அதட்டலே பிள்ளையை விழாமல் காக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 3:5உம் இதே விதமாகத் தலைகீழாக்கப்படுகிறது. ஜெயங்கொள்ளுகிறவனுடைய நாமத்தை ஜீவபுஸ்தகத்திலிருந்து கிறுக்கிப்போடேன் என்பது அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் வாக்குத்தத்தம். அதையே மிரட்டலாக வாசிப்பது, சம்பளம் நிச்சயம் தருவேன் என்றவரைப் பார்த்து, ஒருவேளை தரமாட்டாரோ என்று அழுவதற்கு ஒப்பாகும்.

இந்த விவாதம் நேற்று முளைத்ததல்ல. ஒல்லாந்தில் 1618–1619இல் கூடிய, சீர்திருத்த சபையின் மாநாடான டோர்ட் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்களை முடிவுவரை அவரே காக்கிறார் என்று தீர்மானித்தது. அச்சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்களேயன்றிக் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றவில்லை. மலையில் எங்கள் முன்னோருக்குச் சுவிசேஷம் வந்தது பெரும்பாலும் பின்னாளில், 1854இல் கோப்பித் தோட்டக் காலத்தில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற முயற்சிகளாலும், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாராலுமே. நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். எங்கள் சபையின் முன்னோடியான ஜோன் வெஸ்லி, 1738 மே 24 அன்று லண்டனில் தம் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயத்தைப் பெற்றவர். ஆனால், விசுவாசி ஒருவன் விழுந்து கெட்டுப்போகக்கூடும் என்றும் அவர் போதித்தார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. கத்தோலிக்கரோ, 1547இல் தங்கள் ஆயர்களின் பொது மாநாடான திரெந்து சங்கம் கூறியபடி, தாம் கிருபை பெற்றுள்ளதை விசுவாசத்தின் நிச்சயத்தோடு ஒருவரும் அறியமுடியாது என்பார்கள். ஆயினும் தேவனுடைய உதவியில் மிக உறுதியான நம்பிக்கை வைக்கவேண்டும் என்று அதே சங்கம் சொல்லியிருக்கிறது. லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி 1999இல் கையொப்பமிட்ட கூட்டுப் பிரகடனத்தில், மீட்பின் நிச்சயத்தைக் குறித்துத் தனிப் பகுதியே உண்டு. இத்தனை பேர் இத்தனை நிதானமாகப் பேசிய விஷயத்தை, ஒலிபெருக்கி முன் அரை மணி நேரத்தில் அடித்து முடிப்பது நியாயமல்ல.

இந்து நண்பர்களுக்கு இதை விளக்கும்போது நான் வைணவ ஆசாரியர்களின் பழைய உவமையைத்தான் எடுப்பேன். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். யோவான் 10:28, 29 பூனைக்குட்டியின் பக்கம் நிற்கிறது. தம்முடையவர்களை ஆடுகளென்று அழைத்து, என் கையிலிருந்து ஒருவனும் அவைகளைப் பறித்துக்கொள்வதில்லை என்று சொன்ன இயேசு, அதோடு நிறுத்தாமல், பிதாவின் கையிலிருந்தும் பறிக்க ஒருவனாலும் கூடாது என்கிறார். ஆட்டின் பிடி எவ்வளவு உறுதி என்று அங்கே எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்தும் எழுந்து நின்றதற்குக் காரணம் அவனுடைய வைராக்கியமல்ல. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்ற இயேசுவின் வார்த்தை முந்தியே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இதைக் கேட்டவுடன், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் கை தூக்கிய ஞாபகத்தை வைத்துக்கொண்டு, சம்பள நாளில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனும் பரலோகம் போவானா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களை நானும் அறிவேன். அவர்களுக்கு மத்தேயு 7:23 போதும்: "ஒருக்காலும் நான் உங்களை அறியவில்லை." முன்பு அறிந்திருந்தேன், இப்போது கைவிட்டேன் என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை. கை தூக்கியது விசுவாசமாகிவிடாது. ஆனால் இந்த எச்சரிக்கை உரியவன் காதில் விழுவதேயில்லை. தன் அவிசுவாசத்துக்காக இரவெல்லாம் அழுகிறவள்தான் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாள்.

அந்த மூதாட்டியை அடுத்த மாதம் நான்காம் தடவையாகத் தண்ணீரில் இறங்க அழைத்திருக்கிறார்கள். அவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. அழைத்தவர்கள், எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை ஆறாம் வசனத்தோடு மூடிவிடாமல், ஒன்பதாம் வசனம்வரை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றும், அதன்பின் போவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்க விடவேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.