பாசையூர் அன்ரிக்கும் மற்ற எல்லாருக்கும்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டா. என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. போன் எடுத்தவர்கள், நேர்த்தி வைத்தவர்கள், சாப்பாடு கட்டித் தந்தவர்கள், இரவு இரவாக ஓட்டோ ஓடிய அண்ணை, மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் கையைத் தடவிவிட்ட மிஸ்ஸிமார் எல்லாருக்கும் தனித்தனியே எழுதத் தெம்பில்லை. இதையே ஏற்றுக்கொள்ளுங்கோ.

இரத்தத்தில் கிரியேற்றினின், அதுதான் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறிவிட்டது என்றதும் எங்கள் எல்லாருக்கும் டயலிசிஸ்தான் கண்ணுக்குள் நின்றது. வவுனியா, மதவாச்சிப் பக்கத்துச் சிறுநீரகக் கதைகளைக் கேட்ட சனம் அல்லவா நாங்கள். ஒருவர் கிணற்றுத் தண்ணீரைத் திட்டினார், இன்னொருவர் சுண்ணாம்பைத் திட்டினார். கடைசியில் குற்றவாளி அம்மாவின் கழுத்துக்குள் இருந்தது.

வார்ட்டில் இருந்த டொக்டர் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினா. கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியின் சுரப்பு நன்றாக விழுந்துவிட்டால் இதயம் தளர்ந்துபோய், சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறைகிறது. வடிகட்டல் மந்தமாக, கிரியேற்றினின் தேங்குகிறது. போதாக்குறைக்கு, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்தைப் பிடித்து வைக்கிற ஹோர்மோனும் கூடிவிடுகிறது. குடித்தது உள்ளேயே நிற்க, இரத்தத்தில் சோடியம் ஐதாகிறது. 135க்கு மேல் இருக்க வேண்டியது அம்மாவுக்கு 118. பெற்ற பிள்ளையைப் பார்த்து “நீர் ஆர்?” என்று கேட்டது அதனால்தான். அதை அவசரப்பட்டு ஏற்றினாலும் மூளைக்குக் கேடாம், மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டுமாம். குறைந்த தைரொயிட் சுரப்புக்கு ஈடாகத் தைரொக்சின் குளிசை ஒரு பக்கம், தண்ணீர்க் கட்டுப்பாடு மறுபக்கம். பிளேன்ரீ, சூப், குளிசைக்குக் குடிக்கிறது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லீற்றர்.

வருகிறவர்கள் எல்லாரும் இளநீரோடு வந்தால் என்ன செய்வது? கிட்னி என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுதானே ஊர் வைத்தியம்.

பெண்கள் வார்ட்டில் மகன் நான் இரவில் நிற்க முடியாது. பக்கத்துக் கட்டிலில் மகளுக்கு டெங்கு என்று பாசையூரில் இருந்து வந்த அன்ரி, “தம்பி, போய்ப் படுங்கோ. அக்காவை நான் பாக்கிறன்” என்றா. உபசாரத்துக்குச் சொல்கிறா என்று நினைத்தேன். டெங்குக்காரர் குடிப்பதையும் சலம் போவதையும் அளந்து எழுத வேண்டும் அல்லவா, மகளுக்காக ஒரு கொப்பி வைத்திருந்தா. விடிய நான் போய்ப் பார்த்தால் அந்தக் கொப்பியில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் “மகள்”, மறுபக்கம் “அக்கா”. மருந்து அளக்கிற சின்னக் கப்பால்தான் அம்மாவுக்குத் தண்ணீர். நா வறண்டு அம்மா சத்தம் போட்டால், வாய் கொப்பளிக்க வைத்து, நாக்கில் தேசிக்காய்த் துண்டால் தொட்டுவிட்டிருக்கிறா. மகளைக் குடி குடி என்று கெஞ்சிக்கொண்டே இந்தப் பக்கம் அம்மாவிடம் போதும் போதும் என்று மல்லுக்கட்டியிருக்கிறா. அம்மா ஒருமுறை கோபத்தில் கப்பைத் தட்டிவிட்டாவாம். சிந்தினதையும் கழித்து எழுதியிருந்தா!

இரத்தம் கொடுக்க, காசு கொடுக்க ஆட்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கட ஊர் அப்படி. முன்பின் தெரியாத ஒருவரின் தாகத்துக்கு இரவு முழுக்கக் கணக்கு வைக்க ஆள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது காலமை எழும்பினதும் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை. பிளேன்ரீ அரை மணித்தியாலம் கழித்துத்தான், கல்சியம் குளிசை நாலு மணித்தியாலம் தள்ளி. ஆறு வாரத்தில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும். கிரியேற்றினின் இறங்கிக்கொண்டு வருகிறது, டயலிசிஸ் பேச்சே இல்லை. இனி ஆராவது என்னிடம் கிரியேற்றினின் ஏறிவிட்டது என்றால், தைரொயிட்டும் பார்த்தீர்களா என்று டொக்டரிடம் கேட்கச் சொல்லாமல் விடமாட்டேன்.

மகளைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று நான் பாமசி வரிசையில் நின்றேன் அன்ரி. வந்து பார்த்தால் கட்டில் வெறுமை, போன் நம்பர்கூட வாங்கவில்லை. நீங்கள் சந்தையில் மீன் விற்கிறீர்கள் என்று மட்டும் அம்மா சொன்னா. எங்கட வீட்டில் மச்சம் இல்லை, ஆனாலும் இந்த ஞாயிறு பாசையூர்ச் சந்தைக்கு வருகிறேன். ஆராவது இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கோ. அந்தக் கொப்பியின் “அக்கா” பக்கத்தை அம்மா கேட்கிறா.